மைதானமும் நமது கோரிக்கையே: ஆசிரியர் ரஹீம் விட்டுச்சென்ற பாடம்



சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, லயத்துக் கூரை, குடிதண்ணீர். நமது கிளைக் கூட்டங்களில் முதலில் பேசப்படுபவை இவை. பேசப்பட வேண்டியவையும் இவையே. ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று யாராவது எழுந்து சொன்னால், கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். "வயிற்றுக்கே வழியைக் காணோம், பந்துக்கு இப்போது என்ன அவசரம்?" என்று மூத்தவர் ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. நாள் முழுக்கத் தேங்காய் உரித்துவிட்டு வரும் மனிதனுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. அவருக்குப் பதில் சொல்லாமல் மைதானம் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை. ஆகவே, உதைபந்தாட்டத்தில் ஆசியாவையே வென்ற ஒரு பாடசாலை ஆசிரியரின் கதையைச் சொல்லி, அதன் வழியாகப் பதில் தர முயல்கிறோம்.

அவர் பெயர் சையத் அப்துல் ரஹீம். 1909ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தவர். 2024இல் வெளிவந்த 'மைதான்' என்ற ஹிந்திப் படம் அவருடைய கதைதான். நமது இளைஞர்கள் சிலர் அதைக் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பார்கள். படத்துக்கே உரிய கூட்டல் கழித்தல் அதில் இருக்கும். நடந்த வரலாறு மட்டுமே நமக்குப் போதுமானது.

வகுப்பறையில் இருந்து வந்தவர்

ரஹீம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு ஆசிரியரானார். காச்சிகுடா நடுநிலைப் பாடசாலை தொடங்கி ஹைதராபாத்தின் பல பாடசாலைகளில் படிப்பித்தார். பின்னர் உடற்கல்வியில் டிப்ளோமா பெற்று, பாடசாலை விளையாட்டைப் பொறுப்பேற்றார். 1940களில் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணிக்குப் பயிற்றுவிப்பாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள், பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. கல்கத்தாவின் பெரிய கழகங்கள் கோலோச்சிய காலத்தில் ஒரு பொலிஸ் அணி செய்த சாதனை அது. 1950இல் இந்திய அணியின் பயிற்றுவிப்புப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1963இல் இறக்கும் வரை இந்திய உதைபந்தாட்டத்தின் பெரிய வெற்றிகள் எல்லாம் அவர் பெயரோடு சேர்ந்தவை.

அவருடைய பயிற்சி முறையில் ஆசிரியத் தொழிலின் வாசனை வீசும். இளம் வீரர்களுக்காக அவர் வினோதமான சுற்றுப்போட்டிகளை நடத்தினார். ஒன்றில் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு எதிரியை வெட்டி ஓடக் கூடாது. பந்து வந்ததும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். வலக்கால்காரன் இடக்காலால் ஆட வேண்டும், இடக்கால்காரன் வலக்காலால் ஆட வேண்டும்.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். முதல் போட்டியில் பையன் தனியாக வீரம் காட்ட முடியாது. பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தே தீர வேண்டும். இரண்டாவது போட்டியில் கெட்டிக்காரனும் தடுமாறுவான். தன்னிடம் எது குறைவு என்று அவனுக்கே தெரியவரும். இதற்கு ஒரு சதம் செலவில்லை. புதிய பந்தோ விலையுயர்ந்த சப்பாத்தோ தேவையில்லை. ஒரு விதியை மாற்றினார், பிள்ளைகள் படித்துக்கொண்டார்கள். எந்தத் தோட்டப் பாடசாலையிலும் நாளைக் காலையே இதைச் செய்யலாம்.

துளசிதாஸ் பலராம் என்ற பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். செகந்திராபாத் அருகே அம்முகுடா என்ற கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பையனின் ஆட்டத்தைக் கண்ட ரஹீம் அவரைப் பயிற்சிக்கு அழைத்தார். ஆனால் அம்முகுடாவில் இருந்து ஹைதராபாத் மைதானத்துக்கு வந்துபோகப் பலராமிடம் வழியில்லை. வாடகைச் சைக்கிளுக்கான காசை ரஹீமே கொடுத்தார். அந்தப் பையன்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் இந்தியாவுக்காக கோல் போட்டார். சைக்கிள் வாடகை கிடைக்காமல் போயிருந்தால் அந்தப் பெயரை இன்று யாருக்கும் தெரிந்திராது.

வெறுங்காலில் தொடங்கி

1951இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. குளிரில், இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் சப்பாத்து அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. தோல்வியைப் பழக்கிவிட்ட விதியென்று ரஹீம் எடுத்துக்கொள்ளவில்லை. பிற நாட்டு அணிகள் ஆடும் விதத்தைக் கவனித்துத் தம் அணியின் ஆட்டத்தை மாற்றினார்.

நான்கு ஆண்டுகளில் பலன் தெரிந்தது. 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு இந்தியா. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடமும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. 1960 ரோமில் பிரான்ஸோடு 1-1 எனச் சமன் செய்தது.

பிறகு வந்தது 1962 ஜகார்த்தா. இந்தோனேசிய அரசு இஸ்ரேலையும் தாய்வானையும் ஆசியப் போட்டிக்கு அனுமதிக்கவில்லை. அதை இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் அதிகாரி ஒருவர் எதிர்த்துப் பேசினார். ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு எதிராகக் கோபம் மூண்டது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அந்தச் சூழலில்தான் ஆட வேண்டியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போடப்பட்டது. ரஹீம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. தலையில் கட்டோடு முன்களத்தில் நிறுத்தினார். பின்கள வீரனை முன்களத்தில் வைப்பதென்றால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் தன் மாணவனிடம் என்ன இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

1962 செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதி ஆட்டம். எதிரே அதே தென் கொரியா. அரங்கு நிறைந்த கூட்டத்தில் இந்தியாவுக்குக் கை தட்டியவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி அணியினர் மட்டுமே என்று இன்றுவரை சொல்லப்படுகிறது. பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். ஜர்னைல் சிங் தலைக் கட்டோடு இன்னொன்றைப் போட்டார். 2-1. இந்தியாவுக்குத் தங்கம்.

அன்று கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர், இராணுவத்தில் சேர்ந்து ஆடியவர். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி வங்காளி. ஜர்னைல் சிங் சீக்கியர். பிராங்கோ கோவாக்காரர். யூசுப் கான் ஹைதராபாத் முஸ்லிம். பயிற்றுவிப்பாளர் ரஹீமும் முஸ்லிம். புத்தளம் கரையோரத்தில் வாழும் நமக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. சிலாபத்தில் இருந்து கற்பிட்டி வரை தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும், இந்துவும் பௌத்தரும் கத்தோலிக்கரும் ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம். ஒரே தோட்டத்தில் ஒரே செக்ரோலில் பெயர் பதிகிறோம். தேர்தல் வந்தால்தான் நம்மைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பந்து உருளும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அவரோடு போனது ஏன்?

ஜகார்த்தாவில் ரஹீம் நோயாளியாகவே இருந்தார். நுரையீரல் புற்றுநோய். 1963 ஜூன் 11ஆம் திகதி, 53 வயதில் காலமானார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் தொழிற்சங்கக்காரர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம். 1960 ரோமுக்குப் பிறகு இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. 1962க்குப் பிறகு ஆசியத் தங்கம் கிடைக்கவில்லை. 1970இல் ஒரு வெண்கலம் கிடைத்தது, அவ்வளவுதான். வீரர்கள் மறைந்துவிடவில்லை. நாடு சுருங்கிவிடவில்லை. மக்களின் பந்து ஆசையும் தீர்ந்துவிடவில்லை. காரணங்கள் பல இருக்கும். ஆனால் ஒன்று நமது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. பையன்களைத் தேடிப் போவது, சைக்கிள் வாடகை கொடுப்பது, புதிய விதி யோசிப்பது, சங்கத்தை நடத்துவது என்று அத்தனை வேலையும் ஒரு மனிதனின் தோளில் இருந்தது. அந்தத் தோள் சாய்ந்தபோது அதை ஏந்த ஓர் ஏற்பாடு இல்லை.

ரஹீமின் பெருமையை நாம் குறைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் இருந்து இரண்டு பாடங்கள் எடுக்கிறோம். ஏழைப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆசிரியர் உலகத்தின் முன் நிற்க முடியும் என்பது முதல் பாடம். ஒரு நல்ல மனிதனை மட்டும் நம்பியிருக்கும் வேலை அவரோடு போய்விடும் என்பது இரண்டாவது பாடம். இந்த இரண்டாவது பாடத்தைத்தான் தொழிற்சங்கம் தன் வரலாறு முழுக்கப் படித்து வந்திருக்கிறது. நல்ல துரை வந்தால் நல்லது நடக்கும், அவர் மாற்றலாகிப் போனால் நின்றுவிடும். ஆகவேதான் வாய்ச்சொல்லை நம்பாமல் எழுத்தில் கேட்கப் பழகினோம். விளையாட்டையும் அப்படியே கேட்க வேண்டும்.

நமது தோட்டங்களில்

மலைநாட்டுத் தோட்டம் என்றால் எல்லோருக்கும் தேயிலை ஞாபகம் வரும். தென்னந்தோட்டத்தில் வேலை செய்யும் நம்மைப் பலர் தோட்டத் தொழிலாளர் என்றே நினைப்பதில்லை. மாதம்பை, மாரவில, சிலாபம், புத்தளம் பக்கங்களில் தேங்காய் பறிப்பதும், உரிப்பதும், கொப்பறா காயவைப்பதும், தும்பு அடிப்பதும் நாமே. நமது பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? தென்னை வரிசைகளுக்கு நடுவே. தலைக்கு மேலே தேங்காய், காலடியில் காய்ந்த மட்டை. தாய்மார் பயந்து கூப்பிடுவதில் தவறில்லை. கொப்பறாக் களம் காலியாக இருந்தால் அங்கே ஓடுவார்கள். களத்தில் வேலை தொடங்கினால் விரட்டப்படுவார்கள். பிறகு இருப்பது பாதைதான். அதில் லொறி வரும்.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் பிள்ளைகள் பல ஆண்டுகள் விளையாடிய வெளியில் ஒரு நாள் மட்டைகளைக் குவித்தார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அந்த நிலம் மைதானம் என்று எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பாடசாலையில் நிலை வேறல்ல. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. அது நமது முன்னோரின் நீண்ட நாள் கோரிக்கை. ஆனால் பொறுப்பேற்ற பிறகும் பல சிறிய பாடசாலைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் இல்லை. காலையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியையே பின்னேரம் விசில் ஊத வேண்டும். கோட்ட மட்டச் சுற்றுப்போட்டிக்கு அழைப்பு வந்தால் முதல் கேள்வி அணி யார் என்பதல்ல, பஸ் காசு யார் தருவது என்பதே. பலராமின் சைக்கிள் வாடகை இன்றும் நம் முன்னே நிற்கிறது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

மேலிடத்தில் சரியானால் எல்லாம் சரியாகும் என்று காத்திருக்கவும் முடியாது. 2023 ஜனவரியில் பீபா நமது நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அந்தத் தடை ஆகஸ்ட் வரை நீடித்தது. 1995இல் கொழும்பில் இந்தியாவை இறுதி ஆட்டத்தில் வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய நாடு இது. பெரியவர்களின் சண்டையில் நாட்டின் பிள்ளைகளுடைய ஆட்டம் நின்றது. கீழே, பாடசாலையிலும் தோட்டத்திலும் வேர் பிடித்தால்தான் மேலே காற்றடித்தாலும் மரம் நிற்கும்.

மூத்தவருக்கு நமது பதில்

வயிற்றுக்கு வழியில்லாதபோது பந்து எதற்கு என்ற கேள்விக்கு இப்போது வருவோம்.

முதலாவது: எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் மிச்ச நேரத்தைத் தூங்கிக் கழிக்க மட்டும் கேட்கவில்லை. மனிதராக வாழக் கேட்டார்கள். இன்று உலகமெங்கும் தெரிந்த மான்செஸ்டர் யுனைடெட் 1878இல் ரயில் பெட்டித் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல் 1886இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. உதைபந்தாட்டம் முதலாளி வீட்டு முற்றத்தில் இருந்து நமக்கு இறங்கி வந்த தயவல்ல.

இரண்டாவது: நமது பையன்கள் பதினான்கு, பதினைந்து வயதில் பாடசாலையை விட்டு நழுவுகிறார்கள். சிலர் தேங்காய் உரிக்கப் போகிறார்கள், சிலர் கடலுக்கும் இறால் பண்ணைக்கும் போகிறார்கள். சிலர் கசிப்புக்கும் போதைக்கும் போகிறார்கள். இதை மறைத்துப் பயனில்லை. படிப்பில் பிடிப்பில்லாத பையனையும் அணியில் பெயர் இருந்தால் பாடசாலைக்கு வரவைக்க முடிகிறது. வருபவனுக்குத்தான் படிப்பிக்க முடியும். அடுத்த தலைமுறையும் இதே கூலிக்கு இதே கத்தியைப் பிடிக்கக் கூடாது என்றால், பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். ஆகவே இது சம்பளப் போராட்டத்துக்குப் போட்டியான கோரிக்கை அல்ல. அதே போராட்டத்தின் மறுபக்கம்.

மூன்றாவது: செலவு நாம் நினைக்குமளவு பெரிதல்ல. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தென்னை நடும் வழக்கமான இடைவெளி 26 அடிக்கு 26 அடி. ஏக்கருக்குச் சுமார் 64 மரம். சிறுவர் அணிகள் ஆட 160 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்ட வெளி போதும். அது ஏறத்தாழ 24 தென்னைகளின் இடம். தேங்காய் விழாத பாதுகாப்புக்காகச் சுற்றிலும் ஒரு வரிசையை விட்டாலும் 48 மரங்களுக்கு மேல் போகாது. காய்க்கும் மரத்தை வெட்டச் சொல்லி நாம் கேட்கவில்லை. கிழட்டு மரங்களை அகற்றி மறுநடுகை செய்யும்போது ஒரு துண்டை நடாமல் விடச் சொல்கிறோம். தோட்டத்தின் முழுப் பரப்போடு ஒப்பிட்டால் இது துரைக்கும் தெரியாத இழப்பு, பிள்ளைகளுக்கோ பெரிய உலகம்.

நாம் கேட்க வேண்டியவை

அடுத்த கிளைக் கூட்டங்களில் பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. ஒவ்வொரு தோட்டத்திலும் மறுநடுகைத் திட்டம் போடப்படும்போது, பிள்ளைகளின் மைதானத்துக்கான நிலத்தை ஒதுக்குமாறு நிர்வாகத்திடம் எழுத்தில் கோருதல். வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும்.

2. தோட்டப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் நியமனம் கோரி வலயக் கல்வி அலுவலகத்துக்குப் பெற்றோரும் சங்கமும் சேர்ந்து மனுக் கொடுத்தல். ஒரு பாடசாலைக்கு ஒருவர் முடியாவிட்டால், அயலில் உள்ள மூன்று பாடசாலைகளுக்கு ஒருவராவது வேண்டும்.

3. சுற்றுப்போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் காசுக்காகக் கிளையில் ஒரு சிறு நிதி. கணக்கு எழுதப்பட்டு மாதாமாதம் வாசிக்கப்பட வேண்டும்.

4. பயிற்சிப் பொறுப்பு ஒருவர் தலையில் விழாதபடி ஒவ்வொரு தோட்டத்திலும் மூவர் கொண்ட விளையாட்டுக் குழு. அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

5. மைதானம் பெண் பிள்ளைகளுக்கும் சமமாக உரியது. வாரத்தில் குறித்த நாட்கள் அவர்களுடையதாக எழுதி வைக்கப்பட வேண்டும். தண்ணீர் அள்ளவும் தம்பி தங்கையைப் பார்க்கவும் அவர்களை மட்டும் வீட்டில் நிறுத்தும் வழக்கத்தை நாமே மாற்ற வேண்டும். இதற்குத் துரையின் அனுமதி தேவையில்லை.

நான்காவது கோரிக்கை சிறியதாகத் தோன்றும். ரஹீமின் கதையைப் படித்தவர்களுக்கு அதுதான் பெரியதென்று விளங்கும். நமது கரையோரத்திலும் பின்னேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பந்து சொல்லிக் கொடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சொந்தக் காசில் பந்து வாங்குகிறார்கள். அவர்களைப் புகழ்ந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. அவர்கள் வேலை தேடி மத்திய கிழக்குக்குப் போகும் நாளில் அந்தப் பந்து யார் கையில் இருக்கும் என்று இன்றே முடிவு செய்வதுதான் சங்கத்தின் வேலை.

ஒற்றைக் காலால் ஆடிப் பழகியவனை மற்றக் காலாலும் ஆடச் சொன்னார் ரஹீம். நமது சங்கம் சம்பளக் கோரிக்கையில் நன்கு பழகியது. பிள்ளைகளுக்கான கோரிக்கையிலும் இனிப் பழக வேண்டும். தீர்மானப் பிரதிகளை மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.